ரசிகர் இருக்கையில் பதிவான ராக் கச்சேரிகள்: சீரமைத்த பிரதியைக் கேட்பதா, மூலத்தைக் கேட்பதா?

காட்பாடி வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எழுபதுகளின் ராக் கச்சேரிகளை, மேடை மிக்ஸரிலிருந்து எடுத்த பதிவுகளைவிட, கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர் தம்முடைய மைக்கை வைத்துப் பதிவு செய்த நாடாக்கள் வழியாகவே நான் அதிகம் கேட்டு வருகிறேன். ஒரு பாட்டு அந்த ஊரில், அந்த அரங்கில், அந்தக் கூட்டத்தின்மேல் எப்படிப் போய் விழுந்தது என்பது இவற்றில்தான் தெரிகிறது. மிக்ஸர் பதிவில் கிதார் துல்லியமாகக் கேட்கும். ஆனால் அந்தக் கிதாரைக் கேட்டு எழுந்து நின்ற ஆயிரக்கணக்கானோர் அதில் இருக்க மாட்டார்கள்.

சமீப ஆண்டுகளில் இத்தகைய பதிவுகளைச் சீரமைத்து, மறுபடியும் மாஸ்டர் செய்து (இறுதி ஒலியைச் செம்மைப்படுத்தி) வெளியிடுவது பெருகியிருக்கிறது. ரசிகர்கள் தாமே செய்வது ஒருபுறம் இருக்க, இசைக்குழுக்களே இப்பணியில் இறங்கியுள்ளன. பிங்க் ஃபிளாய்ட் குழு 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஸ்போர்ட்ஸ் அரினாவில் வாசித்ததை மைக் மில்லர்ட் என்ற ரசிகர் பதிவு செய்திருந்தார். பல ஆண்டுகள் கைமாறி நகல்களாகவே உலவிய அந்தப் பதிவு, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சனின் சீரமைப்பில், ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்போடு 2025 டிசம்பரில் அதிகாரபூர்வமாகவே வெளிவந்தது.

என்னிடம் இதே கச்சேரியின் பழைய கேசட் ஒன்றும் இருக்கிறது. வேலூர் பாகாயத்தில் மருத்துவம் படித்த என் சித்தப்பா எண்பதுகளில் விடுதி நண்பர்களிடம் வாங்கி நகலெடுத்தது. அதில் டிரம்ஸின் சிம்பல் ஒலியே ஏறக்குறைய இல்லை. எல்லாமே சற்று வேகமாகவும், சுருதி ஏறியும் கேட்கின்றன. இணையத்தில் கிடைத்த ரசிகர் சீரமைப்பு ஒன்றில் நாடாவின் சீறல் முழுவதையும் நீக்கியிருக்கிறார்கள். ஆனால் மெதுவான பகுதிகளில் ஆர்கன் ஒலியின் வால் அறுந்து போகிறது, கைத்தட்டல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் இருக்கிறது. எது சுத்தம், எது சேதம் என்று பிரித்தறிய எனக்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செய்யாறு பக்கத்தில் எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கும் ஊரில், திரௌபதி அம்மன் திருவிழாவின்போது நடந்த தெருக்கூத்துகளை என் தந்தையார் எண்பதுகளில் டூ-இன்-ஒன் ரேடியோவில் பதிவு செய்து வைத்திருக்கிறார். அந்தக் கேசட்டுகள் வேலூர் வெயிலில் பரணில் கிடந்தவை. ராக் நாடாக்களுக்குச் செய்யும் முறைகளை இவற்றுக்கும் செய்யலாமா, எதிலிருந்து தொடங்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


ராணிப்பேட்டை நாடா எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. கேட்கும் பிரதியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கும், உங்கள் கேசட்டுகளை எப்படிக் காப்பாற்றுவது என்பதற்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. சீரமைப்பின் தரத்தில் பெரும்பகுதி கணினிக்குள் நுழைவதற்கு முன்பே, நாடா ஓடும்போதே முடிவாகிவிடுகிறது. பின்னால் வரும் ஈக்வலைசர், இரைச்சல் நீக்கி எதுவும் அங்கே இழந்ததை மீட்டுத் தராது.

மில்லர்டின் பதிவுகள் ஏன் இவ்வளவு மதிக்கப்படுகின்றன என்று பாருங்கள். அவர் வைத்திருந்தது நகமிச்சி 550 என்ற, கையில் எடுத்துச் செல்லக்கூடிய கேசட் டெக். ஏகேஜி நிறுவனத்தின் 451 வகை மைக்குகள் இரண்டு. கருவிகளை மறைத்து உள்ளே கொண்டுபோவதற்காக அவர் சக்கர நாற்காலியில் அமர்ந்து சென்றார் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்த செய்தி. 1977 ஜூன் 21 அன்று இங்கிள்வுட் நகரின் ஃபோரம் அரங்கில் லெட் செப்பலின் வாசித்த கச்சேரியும் அவர் பதிவு செய்ததே. 1994-இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய மூல கேசட்டுகளிலிருந்து நேரடியாக எடுக்கப்பட்ட பிரதிகள் வெளிவந்தபோது, பல பத்தாண்டுகளாக நாம் கேட்டு வந்தவை எத்தனை தலைமுறை நகல்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்தது. எந்த மாஸ்டரிங் மேதையும் ஐந்தாம் தலைமுறை நகலை முதல் தலைமுறை ஆக்க முடியாது. ஆகவே ஒரு பிரதியை இறக்கும் முன், அதனோடு வரும் குறிப்பில் ‘மாஸ்டர் கேசட்’, ‘முதல் நகல்’ என்று எது எழுதியிருக்கிறது, எந்த டெக்கில் ஓடவிட்டார்கள், தரம் குறையாத ஃபிளாக் கோப்பா, ஒலியைச் சுருக்கும் எம்பி3-யிலிருந்து மாற்றியதா என்று படியுங்கள். குறிப்பே இல்லாத பிரதியை, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், நான் இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன்.

இனி உங்கள் சித்தப்பா கேசட்டின் சிம்பல். கேசட் நாடாவின் அகலம் நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. அது வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. பதிவு செய்த டெக்கின் ஹெட்டும் (நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் முனை), ஓடவிடும் டெக்கின் ஹெட்டும் நாடாவுக்கு ஒரே கோணத்தில் செங்குத்தாக நிற்க வேண்டும். தலைமுடி அளவு சாய்ந்தாலும் மேல்ஸ்தாயி முழுவதும் மங்கிவிடும். ஹெட்டின் ஓரத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கும் சிறிய திருகுதான் அந்தச் சாய்வைச் சரிசெய்வது. கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போது இடது வலது இரண்டையும் ஒன்றாக்கி மோனோவில் கேளுங்கள்; திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாக, மிக மெதுவாக இரண்டு பக்கமும் நகர்த்துங்கள். ஒரு புள்ளியில் சீறல் திடீரென்று கூர்மையாகித் திறந்துகொள்ளும்; கைத்தட்டல் தனித்தனிக் கைகளாகக் கேட்கும். அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், ஏன், ஒரே கேசட்டின் இரண்டு பக்கங்களுக்குமே இந்தப் புள்ளி மாறும் என்பதால், ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும். காந்தம் ஏறாத சிறிய திருப்புளியையே பயன்படுத்துங்கள்.

ஒரு நிபந்தனை. நகலெடுக்கும்போதே யாரோ ஒருவருடைய டெக்கில் ஹெட் சாய்ந்திருந்தால், அங்கே போன மேல்ஸ்தாயி போனதுதான். நீங்கள் சரிசெய்வது கடைசி நகலுக்கும் உங்கள் டெக்குக்கும் இடையிலான சாய்வை மட்டுமே.

சீறலைக் குறைக்கும் டால்பி பொத்தானையும் யோசித்தே அழுத்துங்கள். டால்பி பி முறையில் பதிவான கேசட்டை டால்பி இல்லாமல் ஓடவிட்டால் சீறல் கூடி, ஒலி அதிகக் கூர்மையாகத் தெரியும். ஆனால் ஹெட் சாய்ந்த நிலையிலோ, ஒலி அளவு பொருந்தாமலோ டால்பியைப் போட்டால், ஏற்கெனவே மங்கியதை அது மேலும் மங்கச் செய்யும். ஐயம் இருந்தால் டால்பி இல்லாமலே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் கணினிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள்; பிறகு மென்பொருளில் அதைக் கையாள வழி இருக்கிறது. டால்பியோடு தவறாக ஏற்றியதைத் திருப்புவது கடினம்.

அடுத்தது சுருதி. ரசிகர் நாடாக்கள் வேகமாக ஓடுவதற்குப் பொதுவான காரணம், பதிவு செய்யும்போது பேட்டரி தளர்ந்து மோட்டார் மெதுவாகச் சுற்றியிருப்பது. மெதுவாகப் பதிவானது சரியான வேகத்தில் ஓடும்போது சுருதி ஏறிவிடும். அதுவும் கச்சேரி போகப் போக ஏறிக்கொண்டே போகும். ஆகவே முழுக் கேசட்டுக்கும் ஒரே திருத்தம் போட்டால் முதல் பாட்டு சரியாகவும் கடைசிப் பாட்டு தவறாகவும் இருக்கும். எனவே பாட்டுக்குப் பாட்டு அளந்தாக வேண்டும்.

எதை வைத்து அளப்பது என்றால், மேடை ஆம்பிளிஃபயர்களின் ரீங்காரம் இருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அந்த முனகல் 60-இலும் 120-இலும் நாடாவில் ஏறியிருக்கும். கணினியில் அலைவரிசைப் படத்தை (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்து பாட்டுகளுக்கு நடுவே உள்ள அமைதியான இடத்தைப் பாருங்கள். 60 இருக்க வேண்டிய கோடு 62-இல் நின்றால் நாடா 3.3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. அதாவது அரை சுருதிப் படியின் பாதிக்கும் சற்று அதிகம். பிங்க் ஃபிளாய்டுக்கு இன்னும் நல்ல சாட்சி இருக்கிறது. ரிக் ரைட் வாசித்த ஹேமண்ட் ஆர்கனின் பல்சக்கரங்களைச் சுழற்றுவது மின்சார அலையோடு கட்டுண்டு ஓடும் மோட்டார். கிதார்க்காரர் காதுக்கு ஏற்பத் தந்தியை முறுக்கிக்கொள்வார். ஹேமண்டின் சுருதி மின்நிலையத்தின் கையில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் நிலையாக இருக்கும் ஊரில் அதன் ‘ஏ’ ஸ்வரம் 440-இல் நின்றாக வேண்டும்.

இந்த இரண்டும், அதாவது ஹெட் சாய்வும் வேகமும், சரியான பிறகுதான் மற்றவை. இரைச்சல் நீக்குவதை நான் கடைசியில், அதுவும் மிகக் குறைவாகச் செய்வேன். நீங்கள் கேட்ட அந்த அறுந்த வால் எப்படி வருகிறது என்றால், ஆர்கன் ஒலி தேயும்போது அது சீறலின் மட்டத்துக்கு இறங்கி வருகிறது. மென்பொருள் இரண்டையும் பிரித்தறியாமல் ஒன்றாக வெட்டிவிடுகிறது. சீறல் காதுக்குப் பழகிவிடும். வெட்டுப்பட்ட வால் ஒருபோதும் பழகாது.


செய்யாறு கூத்து ரசிகை எழுதியது:

ராக் இசை பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கூத்துக் கேசட்டுகளைப் பற்றிக் கேட்டிருப்பதால் எழுதுகிறேன். புரிசை, அதைச் சுற்றியுள்ள ஊர்கள் எல்லாம் பழைய வட ஆற்காடு மாவட்டத்தின் பெருமை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் போன்றோர் வாழ்ந்த மரபு அது. எண்பதுகளில் ஊர்த் திருவிழாவில் இரவு முழுவதும் பதிவான கேசட் ஒன்று முழுதாக இருக்கிறது என்றாலே அது விலைமதிப்பற்றது. தயவுசெய்து கைவைக்கும் முன் நன்றாக யோசியுங்கள்.

ராணிப்பேட்டை ஐயா சொன்ன முறைகளில் ஒன்றைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். ராக் நாடாவில் கூட்டத்தின் சத்தம் இசைக்கு வெளியே இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. கூத்தில் அப்படி இல்லை. கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்து ஒரு சொல் வீசுவான். அதற்கு வரும் சிரிப்பிலிருந்துதான் அவனுடைய அடுத்த சொல் பிறக்கும். திரைப் பிரவேசத்தில் வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடும்போது பின்பாட்டுக்காரர்கள் வாங்கிப் பாடுவது, அதற்குக் கூட்டம் கொடுக்கும் குரல், தாளம், குழந்தைகள் அழுவது எல்லாம் ஒரே நிகழ்வு. சிரிப்பை ‘இரைச்சல்’ என்று நீக்கிவிட்டால் கட்டியக்காரன் காற்றோடு பேசுவதாக ஆகிவிடும். துரியோதனன் படுகள நாளில் விடிந்த பிறகு வரும் கூட்டத்தின் ஒலி, நள்ளிரவுக் கூட்டத்தின் ஒலியிலிருந்து வேறுபட்டது. அந்த வேறுபாட்டைக் கேட்டே இது எந்த நேரத்துப் பகுதி என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சுருதி விஷயத்தில் கூத்து நாடாவுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. ஹார்மோனியத்தின் ரீடு பேட்டரி தளர்வதால் மாறாது. முகவீணைக்காரர் ஊதும் அழுத்தத்தில் சுருதியை ஏற்றி இறக்குவார், பாடுபவரின் குரலும் இரவு முதிர முதிர மாறும், ஹார்மோனியப் பெட்டி மாறாது. நாலு கட்டைச் சுருதியில் தொடங்கிய பெட்டி விடியற்காலையில் நாலரையில் கேட்டால், ஏறியது பெட்டியல்ல, கேசட்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஊர்ப்பெட்டிகள் எல்லாமே புத்தகச் சுருதியில் இருக்காது. அதே குழுவின் வேறொரு பதிவு கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் முதல் கேசட்டின் தொடக்கத்தை அடிப்படையாகக் கொண்டு மற்றவற்றை அதற்குச் சமன்செய்யுங்கள். சில குழுக்களில் நடுவே கட்டை மாற்றி வாசிப்பதும் உண்டு என்பதை மறக்க வேண்டாம். திடீரென்று மாறினால் அது வாசிப்பு. மெல்ல மெல்ல நகர்ந்தால் பேட்டரி.

கடைசியாக ஒன்று. அந்தக் குழுவின் வாத்தியார் யார், வேஷம் கட்டியவர்கள் யார், எந்தக் கூத்து, எந்த நாள் என்பதை உங்கள் தந்தையார் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். மேலுறையில் ‘கூத்து 2’ என்று மட்டும் எழுதிய கேசட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


குடியாத்தம் இளையவன் எழுதியது:

மேலே உள்ள இருவரும் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் புதிய கருவிகளைப் பற்றிச் சற்று நம்பிக்கையோடு பேச விரும்புகிறேன். ஒரே தடத்தில் கலந்த குரல், டிரம்ஸ், பாஸ், மற்றவை ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவால் பிரிக்கும் டீமக்ஸ் போன்ற மென்பொருள்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய நிறுவனங்களின் கையில் இந்த வகை நுட்பம் என்ன செய்யும் என்பதற்கு, பீட்டில்ஸ் குழுவின் ஹாலிவுட் போல் கச்சேரிகள் 2016-இல் மறுபடி வந்தது ஓர் எடுத்துக்காட்டு. ரசிகைகளின் கூச்சலுக்குள் புதைந்திருந்த வாசிப்பை அதில் வெளியே கொண்டுவந்தார்கள். அது நிறுவனமே மூன்று தடங்களில் முறையாகப் பதிவு செய்தது என்பதால் வேலைக்கு இடம் இருந்தது. ரசிகர் நாடாவில் இரண்டு தடங்கள்தான், அவை இரண்டிலும் எல்லாமே கலந்திருக்கும்.

ரசிகர் நாடாவில் இதைச் செய்தால் என்ன ஆகும் என்று நானே செய்து பார்த்ததிலிருந்து சொல்கிறேன். கைத்தட்டலை மென்பொருள் ஹை-ஹாட் (டிரம்ஸின் இரட்டைச் சிம்பல்) என்று நினைத்து டிரம்ஸ் தடத்தில் போட்டுவிடுகிறது. அரங்கத்தின் முழக்கம் எந்தத் தடத்துக்கும் சொந்தமில்லாமல் துண்டு துண்டாகச் சிதறுகிறது. பிரித்த தடங்களைத் தனியாகக் கேட்டால் வியப்பாக இருக்கும்; மறுபடி கலந்து, குரலை மட்டும் ஆறு டெசிபெல் உயர்த்தினால், பாடகர் அரங்கத்தைவிட்டு வெளியே வந்து நம் அறைக்குள் நிற்பதுபோல் ஆகிவிடுகிறது. பயனுள்ள அளவு மிகச் சிறியது. பாஸ் தடத்தை மட்டும் பிரித்து, 150 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை அரங்கம் வீங்கவைத்த பகுதியை அதில் மட்டும் இரண்டு மூன்று டெசிபெல் குறைத்து, குரலை ஒன்றரை டெசிபெல் உயர்த்தித் திரும்பக் கலந்தால், கேட்பவருக்கு எங்கே கைவைத்தார்கள் என்றே தெரியாது. ஆனால் சொற்கள் புரியத் தொடங்கும். கூத்தின் விருத்தங்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன். இந்த மென்பொருள்கள் முகவீணையைக் கேட்டுப் பழகியவை அல்ல என்பதால் அதைக் குரலோடு சேர்த்துவிட வாய்ப்பு அதிகம், கவனமாகக் கேளுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொன்று. சீரமைப்பு என்ற பெயரில் ஒலியை லிமிட்டரில் (உச்ச ஒலியைத் தட்டி அடக்கும் கருவியில்) போட்டு நசுக்குவது. ரசிகர் நாடாவின் உயிரே தூரத்தில் இருக்கிறது. மெதுவான பாட்டில் இசை தொலைவில் நிற்கும். குழு முழுவதும் சேர்ந்து அடிக்கும்போது அது நெருங்கி வந்து மோதும். இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்தால் அமைதியான இடங்களில் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சுத்தான் மேலெழும். இணையத்தில் ‘அல்டிமேட்’ என்று தலைப்பிட்டு வரும் பல பிரதிகளில் இதுதான் நடந்திருக்கிறது. கோப்பைத் திறந்து அலைவடிவத்தைப் பாருங்கள். மேலும் கீழும் கத்தரித்த பட்டையாக இருந்தால் மூலத்துக்கே போய்விடுங்கள்.

இரண்டு வேறு ரசிகர்கள் எடுத்த பதிவுகளையோ, மிக்ஸர் பதிவையும் ரசிகர் பதிவையுமோ சேர்த்துக் கலக்கும் மேட்ரிக்ஸ் முறையும் இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் குழு 1984-இல் ரசிகர்கள் பதிவு செய்வதற்கென்றே அரங்கில் தனிப் பகுதி ஒதுக்கியது. அதனால் அந்தக் குழுவுக்கு இத்தகைய கலவைகள் ஏராளம். மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தவரின் மைக்குக்கு ஒலி ஏறக்குறைய 90 மில்லி வினாடி தாமதமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தை நீக்கிப் பொருத்துவது எளிது. இரண்டு டெக்குகளும் இரண்டு வெவ்வேறு வேகத்தில் நகர்ந்துகொண்டே போவதைப் பாட்டு முழுவதும் பொருத்திக்கொண்டு போவதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. சரியாகச் செய்தால், வாசிப்பின் தெளிவும் அரங்கத்தின் உயிரும் ஒன்றாகக் கிடைக்கும். என் தேர்வைக் கேட்டால், இதுவே சீரமைப்பின் உச்சம்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துபவருக்கு நிகழ்ச்சி நடந்த ஆண்டுக்கு அடுத்து 50 ஆண்டுகள் வரை உரிமை தருகிறது. தாம் மட்டும் கேட்பதற்காகப் பதிவு செய்து வைத்திருப்பதற்கு அதே சட்டம் விலக்கும் தருகிறது. வீட்டில் கேட்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இணையத்தில் ஏற்றுவதென்றால் அந்தக் கூத்துக் குழுவிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ சொல்லி, சம்மதம் பெற்று ஏற்றுங்கள்.


காட்பாடி வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ராணிப்பேட்டை ஐயா சொன்னபடி சித்தப்பாவின் கேசட்டில் ஹெட் திருகை நகர்த்திப் பார்த்தேன்; இல்லையென்று நினைத்த சிம்பல் ஓரளவு திரும்பி வந்தது. அதன்பின் அமைதியான இடத்தில் அலைவரிசைப் படத்தைப் பார்த்தபோது ஒரு கோடு அல்ல, பல கோடுகள் தெரிந்தன. 50-இல் ஒன்று, 50.4-இல் ஒன்று, 61.9-இல் ஒன்று. எதை நம்பி வேகத்தைத் திருத்துவது? கூத்துக் கேசட்டுகளையும் 50 ஹெர்ட்ஸ் கோட்டை வைத்தே திருத்தலாமா?

செய்யாறு அக்கா சொன்னபடி தந்தையாரிடம் கேட்டு எழுதத் தொடங்கிவிட்டேன். ஒரு கேசட்டைத் தவிர மற்றவற்றில் வேஷக்காரர்களின் குரலைக் கேட்டே பெயர் சொல்லிவிட்டார்.


ராணிப்பேட்டை நாடா எழுதியது:

தம்பி, மூன்று கோடுகளும் மூன்று காலத்தைச் சேர்ந்தவை. 50-இல் அசையாமல் நிற்பது இன்று உங்கள் வீட்டு மின்சாரம். அது நாடாவில் இல்லை. கேசட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அந்தக் கோடு இருக்கும். டெக்கையும் கணினியையும் ஒரே பலகையில் சொருகி, நல்ல கவசமுள்ள கேபிளை மாற்றினால் அது பெரும்பாலும் போய்விடும். 50.4-இல் இருப்பது உங்கள் சித்தப்பா பாகாயத்தில் நகலெடுத்தபோது ஏறியது. 61.9-இல் இருப்பதுதான் லாஸ் ஏஞ்சலஸ் அரங்கின் மின்சாரம். நடுவில் எத்தனை டெக்குகளில் வேகம் பிசகியிருந்தாலும் அவை எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் இந்தக் கோட்டில் பதிந்திருக்கிறது. ஆகவே 61.9-ஐ 60-க்குக் கொண்டுவாருங்கள். மற்ற இரண்டையும் வேகக் கணக்கில் சேர்க்காதீர்கள். இப்படித் திருத்தியபின், நகலெடுத்தபோது ஏறிய முனகல் ஏறக்குறைய 48.9-க்கு இறங்கியிருக்கும். அதை அந்த இடத்திலேயே, மிக ஒடுக்கமான வடிகட்டியால் தனியாக எடுத்துவிடுங்கள். ஹேமண்ட் ஆர்கனை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் சந்தேகமே மிஞ்சாது.

கூத்துக் கேசட்டுகளுக்கு இந்தக் கணக்கை வைக்காதீர்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்து மின்சாரம் 50-இல் நிலையாக நிற்கவில்லை. பளு கூடும் நேரத்தில் அலைவரிசை கணிசமாக இறங்கும். திருவிழா மைக் செட்டுக்கு ஜெனரேட்டர் ஓடியிருந்தால் கணக்கே வேறு. அங்கே செய்யாறு அம்மா சொன்ன ஹார்மோனியம்தான் சாட்சி.

அந்தக் கேசட்டுகளை ஓடவிடும் முன் இவற்றைக் கவனியுங்கள். பரண் சூட்டில் கிடந்தவற்றில் நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறிய பஞ்சு பசை விட்டு விழுந்திருக்கும். அது இல்லாமல் ஓடினால் ஒலி வந்து வந்து மறையும். திருகு போட்ட வேறொரு நல்ல கேசட் உறைக்கு நாடாச் சுருளை மாற்றிக்கொள்ளுங்கள். 120 நிமிடக் கேசட் ஏதாவது இருந்தால் அது மிக மெல்லிய நாடா. வேகமாகச் சுற்றவே கூடாது, பிளேயில் மட்டும் ஓடவிடுங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் மற்ற கேசட்டுகளோடு சேர்த்து வைக்காதீர்கள், துடைக்காமல் டெக்கில் போடாதீர்கள். உங்கள் டெக்கின் ரப்பர் பெல்ட் பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வேலூர் லாங் பஜார் பக்கம் பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர்களிடம் விசாரித்தால் அளவுக்கு ஏற்ற பெல்ட் கிடைக்க வாய்ப்புண்டு.

ஏற்றி முடித்ததும், எந்தத் திருத்தமும் செய்யாத கோப்பை அப்படியே இரண்டு தனி ஹார்டு டிஸ்க்குகளில் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். என்ன திருத்தம், எத்தனை சதவீதம், எந்த இடத்தில் என்பதை ஒரு குறிப்பாகக் கோப்போடு சேர்த்து வையுங்கள். 2025-இல் அந்த பிங்க் ஃபிளாய்ட் பதிவு வெளிவர முடிந்ததே, அன்று பதிவானதை யாரோ அழிக்காமல் வைத்திருந்ததால்தான். உங்கள் கூத்துக் கேசட்டுகளைத் திருத்துவதற்கு இன்னும் நல்ல கருவி பத்தாண்டில் வரலாம். அப்போது தொடங்குவதற்கு மூலம் இருக்க வேண்டும்.


செய்யாறு கூத்து ரசிகை எழுதியது:

பெயர் தெரியாத அந்த ஒரு கேசட்டைத் திருத்தாத கோப்பாகவே எனக்கு ஒரு சிறு பகுதி அனுப்புங்கள், தம்பி. சீரமைத்தது வேண்டாம். எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் பின்பாட்டுப் பாடியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போட்டுக் காட்டி, எந்தக் குழு, யார் குரல் என்று கேட்டு எழுதுகிறேன். தாளக்காரர் கை விழும் விதத்தை வைத்தே அவர் குழுவைச் சொல்லிவிடுவார் என்பதால், தாளம் தெளிவாகக் கேட்கும் இடமாகப் பார்த்து அனுப்புங்கள்.